வெள்ளையாக நின்ற பாட்டில்

கடல் தண்ணீரில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது என்று அளக்கிறவனுக்கு, அறுபதுகளின் பம்பாய் மாட்டுங்காவில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். அதிலும் என்னுடையது தற்காலிக வேலை. ஆராய்ச்சிக் கப்பல் பம்பாய் திரும்பியதும் என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று எங்கள் ஆராய்ச்சிக் குழுவின் தலைவரான சீஃப் முடிவு செய்வார். கப்பல் ஏறிய நாளிலிருந்து வாந்தி வேறு. தற்காலிக உத்தியோகத்தில் வெந்தவர்களே, என் நிலைமை உங்களுக்குப் புரியும்!

பால் நிறமா, காபி நிறமா?

ஆழத்துத் தண்ணீரைச் சின்னக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து இரண்டு மருந்து விடுவோம். பிராணவாயு இருந்தால் காபி நிறத்தில் திரியும். இல்லாவிட்டால் பால் மாதிரி வெள்ளையாக நிற்கும். அரபிக் கடலில் முன்னூறு மீட்டர் ஆழத்துத் தண்ணீர் வந்தது, மருந்தை விட்டேன். வெள்ளை! இவ்வளவு பெரிய கடலுக்கு நடுவில் மூச்சுவிட வழியில்லாத ஓர் அடுக்கா!

பக்கத்தில் வெங்கிட்டு, என்னோடு காலேஜில் படித்தவன், அவனும் தற்காலிகம்தான். அதே தண்ணீரைத் தன் பாட்டிலில் பிடித்து அவனும் மருந்து விட்டான். அவனுடையது காபி. எங்கள் சீஃப் பாலக்காட்டுக்காரர். இரண்டு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஒரே கடல், ஒரே ஆழம், ரெண்டு நிறமா? உங்கள்ல ஒருத்தர் அடுத்த தடவை கப்பல் ஏற மாட்டீர், ஓய்!"

ஆற்றிய கை

மறுநாள் எங்களை எதிரே நிறுத்தித் தண்ணீர் பிடிக்கச் சொன்னார். ஆழத்துத் தண்ணீரை ஏற்றி வந்த உருளையின் ரப்பர் குழாயை பாட்டிலின் அடிவரை விட்டு, நுரைக்காமல், வழிய வழியப் பிடிக்க வேண்டும். அப்படியே பிடித்தேன். வெள்ளை. வெங்கிட்டுவோ குழாயின் வாயை ஒரு முழம் உயரத்தில் தூக்கிக்கொண்டான். தண்ணீர் நீளமாக இறங்கி நுரைத்து விழுந்தது. டபராவில் காபி ஆற்றியே வளர்ந்த கை! வெளிக்காற்றையெல்லாம் அவனே உள்ளே கலந்துவிட்டான். எனக்குக் கூத்தாட வேண்டும்போல் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"பேஷ், நன்னா ஆத்தறீர்! இனிமே பாட்டிலைத் தொடாதேயும், எனக்கு ஒரு காபி கொண்டு வாரும்" என்றார் சீஃப்.

துள்ளிய இறால்

பிழைத்தேன் என்று நினைத்தேன். மத்தியானம் அதே ஆழத்துக்குப் போன வலை மேலே வந்தது. ரத்தச் சிவப்பில் இறால்கள்! வாளியில் ஒன்று துள்ளியது. "காத்தே இல்லேன்னீரே, பின்னே இது எப்படித் துள்றது?" என்றார் சீஃப்.

வெங்கிட்டுதான் ஒன்றை லென்ஸுக்குக் கீழே வைத்து ஓட்டைப் பிரித்தான். "சார், இங்க வாங்கோ!" என்று கத்தினான். உடம்புக்குப் பொருந்தாத பெரிய செவுள், மடிப்பு மடிப்பாக! நான் ஓடிப்போய் இன்னும் நுணுக்கமாக மறுபடி அளந்தேன். அடியோடு இல்லை என்றில்லை, கண்ணுக்கு நிறம் காட்டாத ஏதோ துளியூண்டு இருந்தது. அந்தத் துளியூண்டைச் சலித்தெடுத்தே இவை உயிர் வாழ்கின்றன! வாளியைச் சுற்றி மூன்று பேரும் குதிக்காத குறை.

"பாட்டிலும் சரி, இறாலும் சரி. ரெண்டு பேரையும் நிரந்தரமாக்கச் சொல்லி எழுதறேன், போம்!"

அடியில் கிடந்த கரி

அதற்கும் கீழே, கடலின் தரையில் இழுத்த வலையில் சேற்றோடு கறுப்பாக, பொத்தல் பொத்தலாக ஒரு கட்டி வந்தது. புதுப் பாறை என்று நான் ஆனந்தப்பட்டேன். வெங்கிட்டுவின் அப்பா ரயில்வேயில் எஞ்சின் டிரைவர். அவன் கையில் வாங்கியதுமே கண்டுபிடித்துவிட்டான். பழைய நீராவிக் கப்பல்கள் அடுப்பிலிருந்து வாரிக் கொட்டிய வெந்த கரி! அதன்மேல் ஒரு குட்டிச் சங்கு ஒட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தியது.

"நாம இன்னும் பார்க்கவே இல்லாத இடம்டா இது, அதுக்குள்ள குப்பை கொட்டியாச்சு!" என்றான் வெங்கிட்டு.

தாராவி ஓடை

வேலை நிரந்தரமாயிற்று. முதல் உத்தரவே தாராவி ஓடையைப் பார்த்து வா என்பது. தோல் பதனிடும் காதர் பாய், திருநெல்வேலிப் பக்கத்து ஆள், தன் ஷெட்டுக்குப் பின்னால் இறங்க வழிவிட்டார். பெரிய செவுள் இறால் கதையை அவரிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே மருந்து விட்டேன். முழங்கால் ஆழத் தண்ணீர். வெள்ளை!

"நான் வந்த புதுசுல இதுல தூண்டி போட்டிருக்கேன்," என்றார் பாய். பாட்டிலை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"ஒங்க எறாலுக்குப் பெரிய செவுளு வளக்கக் காலம் இருந்திருக்கு. எங்க ஓட மீனுக்கு நாங்க அதுக்குக்கூட அவகாசம் குடுக்கலியே, சார்."

நடுக்கடல்வரை தேடிப்போன வெள்ளை பாட்டில், மாட்டுங்காவிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்திலேயே கிடைக்கும் என்று முன்னமே தெரிந்திருந்தால், எனக்கு அந்த வாந்தியாவது மிச்சமாகியிருக்கும்.