அம்மாவின் மாலைச் சைக்கிள்

மட்கார்ட் தளர்ந்த அந்தப் பழைய "லேடீஸ்" சைக்கிள் கிரவல் தெருவில் கடகடவென்று அதிரும் சத்தம் கேட்டால், அம்மா குளக்கட்டிலிருந்து திரும்பிவிட்டார் என்று எங்களுக்குத் தெரியும். அப்பா வவுனியாவில் மேசன் வேலை செய்து மாதத்துக்கு ஒருமுறை வந்துபோக, மல்லாவியில் வயலையும் மாடுகளையும் படுக்கையில் கிடந்த அப்பப்பாவையும் என்னையும் தம்பியையும் தனியே பார்த்துக்கொண்ட அம்மா, பொழுது சாயும் வேளையில் அப்பப்பாவுக்குக் கஞ்சி பருக்கிவிட்டுச் சைக்கிளை எடுப்பார்.

ஒருநாள் அடம்பிடித்துக் "கரியரில்" ஏறிக்கொண்டேன். அம்மா மிதித்தார். குளத்துக் காற்று முகத்தில் அடித்ததும், "இந்தக் காத்துப் பட்டாத்தான் பிள்ளை, விடிய எழும்ப எனக்கு மனம் வருது" என்றார்.

அது ஊருக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் மூத்த அண்ணன், எங்கள் பெரிய மாமா, ஒருநாள் முற்றத்தில் வந்து நின்றார்.

"பொழுதுபடுற நேரம் எங்கை போறாய்?"

"சும்மாதான் அண்ணை."

"புருசன் ஊரிலை இல்லை. சும்மா எண்டு சொன்னா ஆர் நம்புவினம்? கண்டபடி கதை வருது."

சைக்கிளைத் தன் உழவு இயந்திரப் பெட்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். மறுவாரம் அவருடைய மகன் அதில் ரியூசனுக்குப் போனான். பொய்க்கதை கட்டிய வாய்களை யாரும் அடைக்கவில்லை. உழைத்துக் களைத்தவள் மூச்சு விட்ட அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் பறித்தார்கள்! பிறகு அம்மா சோறு சிந்தியதற்கெல்லாம் எங்களை அடித்தார். அடித்துவிட்டுக் குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதார். நித்திரை போயிற்று. கடைசியில் "பிரஷர்" என்று வைத்தியர் குளிசை கொடுத்தார்.

ஆண்டுகள் பல போய், இப்போது மாமாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. வெள்ளைச் சப்பாத்து மாட்டிக்கொண்டு தினமும் அதே குளக்கட்டில் நடக்கிறார். எங்கே போகிறீர் என்று ஒருவரும் கேட்பதில்லை. போன மாதம் வீட்டுக்கு வந்தவர், கதிரையில் சாய்ந்து தேத்தண்ணி குடித்தபடி அம்மாவிடம் சொன்னார்: "நீயும் கொஞ்சம் நடக்கவேணும், பிள்ளை. மனப்பாரம் குறையும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதைத்தானே மாமா அவா அப்ப செய்தவா? நீங்கள்தானே பறிச்சனீங்கள்!"

மாமா தெருவைப் பார்த்தார். அம்மா அவருடைய வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு, "இப்ப முழங்கால் விடாது, அண்ணை" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.