புலிக்கு நூறு வயசு

எங்கள் வீட்டில் யார் தும்மினாலும் பக்கத்தில் இருப்பவர் "நூறு" என்று வாழ்த்தியாக வேண்டும். நூறு வயது இருக்கட்டும் என்று அர்த்தம். அடுத்த தும்மலுக்கு "இருநூறு". டெல்லித் தூசியில் என் கணவர் தும்முகிற தும்மலுக்கு, உலகம் அழிந்த பிறகும் அவர் பென்ஷன் வாங்குவார். எனக்கு இது நாக்கிலேயே ஊறிப்போன பழக்கம். ஒருமுறை ஜனக்புரி மெட்ரோவில் முன்பின் தெரியாத ஒரு சர்தார்ஜி தும்ம, நான் "நூறு" என்றேன். என்ன புரிந்ததோ, மனிதர் எழுந்து எனக்கு இடம் கொடுத்துவிட்டார்.

என் கணவருக்கு ஒரே ஒரு ஆசைதான். காட்டில் திரிகிற புலியின் முகத்தை நேரில் பார்க்க வேண்டும். முன்பு போன சஃபாரிகளில் மான் பார்த்தோம், மயில் பார்த்தோம், புலி போட்டுவிட்டுப் போன எச்சத்தைக்கூடப் பார்த்தோம். பழி என் தலையில். நான் தொணதொணப்பதால் புலி ஓடிவிட்டதாம்! போன குளிர்காலத்தில் டாக்டர் அவர் முதுகைத் தட்டிப் பார்த்து, இனி ஜீப்பெல்லாம் ஆகாது என்றார். இந்த ஒரு தடவை மட்டும் என்று கெஞ்சி அனுமதி வாங்கிவந்தார்.

"இன்னைக்கு ஒருநா வாயத் தெறக்கப்பிடாது, கேட்டியா?"

"நான் என்னத்தங்க பேசுதேன்?"

"இந்தா, இதத்தான்."

டெல்லியிலிருந்து காரில் போய்விடுகிற தூரத்தில், கூட்டமே இல்லாத காடு அது. எங்கள் ஜீப்பைத் தவிர வேறு வண்டி இல்லை. வாயில் ஏலக்காயைப் போட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வழியில் ஒரு நீல்காய் மான் நின்றது. முகம் அப்படியே எங்கள் மாடி வீட்டு ஆன்ட்டி! சொல்ல முடியாமல் எனக்கு வயிறு உப்பிவிட்டது.

திடீரென்று டிரைவர் பிரேக் போட்டார். உதட்டில் விரலை வைத்து முன்னால் காட்டினார்.

புலி. முதுகைக் காட்டிக்கொண்டு பாதையில் நடந்து போகிறது. ஒரு அவசரமும் இல்லை. என் கணவர் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தார். "திரும்புடா ராசா, ஒருக்கா திரும்பு" என்று முணுமுணுத்தார். அது புதருக்குள் தலையை நுழைக்கப் போனது. மண் தூசி ஏறியதோ என்னவோ, நின்று, உடம்பே குலுங்க ஒரு தும்மல் போட்டது.

"நூறு!" என்றேன்.

மெதுவாகக்கூட இல்லை. "அரே மேடம்ஜி!" என்று டிரைவர் தலையில் கைவைத்தார். அடிப்பாவி, குடியைக் கெடுத்தியே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பக்கத்தில் திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

புலி திரும்பியது. முழு முகம், மீசை, மஞ்சள் கண். யார் இந்தப் பொம்பளை என்பதுபோல நின்று நிதானமாக எங்களைப் பார்த்தது. ஐயோ, என்ன அழகு! அப்படியே இன்னொரு தும்மல் போட்டது.

நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். கேமரா மடியில் கிடக்க, கண்ணில் தண்ணீரோடு புலியையே பார்த்துக்கொண்டிருந்த என் கணவர்தான் சொன்னார்:

"இருநூறு."