தேறாத கிட்டார்

என் தாய்மாமனுடைய எலெக்ட்ரிக் கிட்டாரை நான் சுமந்த அளவுக்கு என் சொந்தத் தம்பியைக்கூடச் சுமந்ததில்லை. சிவப்பு நிறம், அம்மிக்குழவி கனம். கிட்டார்களிலேயே மலிவான ரகம். அதையும் மாமா யாரோ வாசித்துச் சலித்த பிறகு வாங்கியிருந்தார். திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரி நடத்தும் குழு ஒன்றில் அவர் அதை வாசித்து வந்தார். ஆடி பிறந்தால் ஆளைப் பிடிக்க முடியாது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் கிளம்பினால் வீடு திரும்ப ஒரு மாதமாகும்.

அந்த வருஷம் ஆனியிலேயே கிட்டார் ஊமையாகிவிட்டது. தூக்கிப் போடச் சொன்னார் அப்பா. மாமா கேட்கவில்லை. பழுது பார்த்தால் தேறுமா என்று விசாரிக்க, ஞாயிறுதோறும் கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி போனார். கூட்டத்தில் கிட்டாரை மடியில் வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே, அது ஒன்பது வயது நான். கம்பிகளின் முனை என் கையைக் கீறாத ஞாயிறு கிடையாது.

தச்சர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டுக் கழுத்து கோணல் என்றார். மைக் செட்காரர் கழுத்தெல்லாம் நேர்தான், கிட்டாரே தண்டம் என்றார். இன்னொருவர் தட்டிப் பார்த்து, உள்ளே ஓட்டையே இல்லையே, சத்தம் எப்படி வரும் என்று எங்களையே கேட்டார். எல்லாரிடமும் மாமா ஒன்றைத்தான் சொன்னார்: "நல்ல மரங்க. செஞ்சா தேறும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீடு திரும்பியதும் மாமாவின் மனைவி, என் அத்தை, கேட்பாள்: "இன்னா சொன்னாங்க?"

"செஞ்சா தேறும்."

அத்தை உள்ளே போய்விடுவாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள், ஏழாம் மாதம்.

ஆடி பிறக்க நாலு நாள் இருக்கும்போது ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் போனோம். அவர் கிட்டாரைக் கவிழ்த்து, பின்பக்க மூடியைக் கழற்றினார். இத்தனை பேரில் அதைத் திறந்து பார்த்த முதல் ஆள் அவர்தான்!

"ஒரே ஒரு ஒயருங்க. பத்த வெச்சா இப்பவே பாடும்" என்றவர், முனையைப் பார்த்துச் சிரித்தார். "ஆனா இது தானா அறுந்ததில்ல. யாரோ கத்தரிக்கோலால நறுக்கி வுட்டுருக்காங்க."

மாமா அந்த ஒயரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடிடுங்க. இது தேறாது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இப்பவே பாடும்னு சொல்றாரே மாமா!"

"பேசாம வா பாப்பா."

திரும்பும்போது கிட்டாரை அவரே மடியில் வைத்துக்கொண்டார்.

அத்தை தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து குழந்தைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். "இன்னா சொன்னாங்க?" என்றாள்.

"தேறாதாம்" என்றார் மாமா. "இந்த வருஷம் நான் எங்கயும் போவல."

அத்தை முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். கிட்டார் போயிற்றே என்றுதான் அழுகிறாள் என்று எண்ணி, நான் ஓடிப்போய்த் தேற்றினேன்.

"அழாதீங்க அத்த. ஒயருதான் போயிருக்குது. யாரோ கத்தரிக்கோலால நறுக்கி வுட்டாங்களாம். மாமா பொய் சொல்லிக்கினு இருக்காரு."

மாமா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். அத்தை அவரை நிமிர்ந்து பார்த்து இன்னும் பெரிதாக அழுதாள். பொய் சொன்னது அவர், அழுதது அவள், குட்டு வாங்கியது உண்மையைச் சொன்ன நான். இரண்டு பேரோடும் மூன்று நாள் பேசவில்லை.