மட்கார்டு இல்லாத கார்

அண்ணனின் தகரப் பெட்டிக்குள், கம்பளிச் சட்டைக்கு அடியில் கிடந்தது அந்தப் புத்தகம். அமெரிக்காவில் அச்சான கார் பத்திரிகை. அட்டையில் ஒரு கறுப்புக் கார் நிற்கிறது: மட்கார்டு கிடையாது, கூரை தணிந்திருக்கிறது, இஞ்சின் வெளியே தெரிகிறது. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் அண்ணனின் பெருவிரல் கிரீஸ் ரேகை. நடுவில் இரண்டு பக்கங்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. கொடைக்கானல் ஈரத்தில் ஒட்டாத காகிதம் எது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூடி வைத்தேன். அண்ணனுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் அது. உண்மையைச் சொன்னால், ஈரம் ஒரு சாக்குதான். அந்தப் பக்கங்களைப் பிரிக்க எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணன் எனக்குப் பத்து வயது மூத்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் என்னைப் படிக்க வைத்ததும் அவர்தான், தலை சீவி விட்டதும் அவர்தான். மிஷன் பள்ளியொன்றில் பஸ் டிரைவர், மெக்கானிக்கும் அவரே. அவர் ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். நான் அதே பள்ளி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. பள்ளியிலிருந்த வயதான வெள்ளைக்கார டாக்டரம்மா ஊருக்குத் திரும்பும்போது, ஷெட்டில் எலி குடியிருந்த தன் பழைய காரை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். முப்பதுகளில் வந்த வண்டி. இரண்டு கதவு, இரண்டே பேர் உட்காரும் சீட்டு. இஞ்சின் செத்துப் பல வருஷமாகியிருந்தது. வீட்டு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்த அன்று அண்ணன் சாப்பிடக்கூட உள்ளே வரவில்லை.

தச்சு வகுப்பு எடுத்த அமெரிக்கக்காரர் ஒருவர் பள்ளியில் இருந்தார். நாங்கள் சார் என்போம், தமிழ் நன்றாகப் பேசுவார். அவர்தான் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தவர். அவர் ஊரில் இளவட்டங்கள் இந்த மாதிரிப் பழைய காரை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, கூரையை நாலு விரல் அறுத்துத் தணித்து, பெரிய இஞ்சினைத் தூக்கி வைத்து ஓட்டுவார்களாம். ஹாட் ராட் என்று பெயர். அதை முறைப்படி செய்வதென்றால் அந்தக் காலத்துச் சாமான்தான் போட வேண்டும், புதுசு ஒன்றையும் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, சார் ஒரு வருஷ லீவில் ஊருக்குப் போய்விட்டார். அண்ணன் அந்த ஒரு சொல்லை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். பிடித்தால் உடும்புப் பிடி, அது எங்கள் குடும்பச் சீக்கு.

அன்றிலிருந்து சாயங்காலமானால் வாசிப்பு. நான் ஒரு வரி ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் சொல்லுவேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்பார். அடுத்த வரி. மறுபடி "அப்புறம்?" புத்தகத்தில் இருப்பதை இம்மி பிசகாமல் செய்வார். ஒரு வாஷரின் கனம் முதற்கொண்டு நான் சொன்னதுதான் கணக்கு. அண்ணன் மனைவி, என் மதினி, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பார். இலங்கைத் தோட்டத்திலிருந்து தாய்நாடு திரும்பியவர்கள் என்று கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பத்துப் பெண் அவர். டீ என்று சொல்ல மாட்டார், கடைசிவரை தேத்தண்ணிதான். "பாப்பா, ஒங்கண்ணனப் பாரு. மட்கார்டெல்லாம் கழட்டிப்புட்டு கோமணமில்லாம நிக்குது வண்டி. மழையில போனா மூஞ்சியெல்லாம் சகதிதான்" என்று அவர் சொல்ல, அண்ணன், "ஒனக்கு ஒரு குடை வாங்கித் தாரேன், போ" என்பார். பிள்ளையில்லாத வீடு என்று ஊர் பேசியது. எங்களுக்கு அந்த வருஷம் அப்படித் தோன்றியதே இல்லை.

இஞ்சின்தான் கிடைக்காமல் இருந்தது. கீழே பழனிப் பக்கம் ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோப்புக்காரர், யுத்தகாலத்து ராணுவ லாரி இஞ்சினைக் கிணற்று மேட்டில் வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். எட்டு சிலிண்டர். கரண்டு மோட்டார் வந்ததும் அது சும்மா கிடந்தது. அண்ணன் நாலு ஞாயிற்றுக்கிழமை போய் நின்று கேட்டு வாங்கிவிட்டார். கொய்யாக் கூடைகளுக்கு அடியில் லாரியில் ஏறி அது மலைக்கு வந்தது. அது வந்து சேர்ந்த விடியற்காலைதான் எனக்குத் திண்டுக்கல்லில் டீச்சர் வேலைக்கு நேர்முகம். டைப் அடித்தது போதும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு வருஷம் தபாலில் படித்துப் பரீட்சை எழுதியிருந்தேன். "பஸ்ஸுக்கெல்லாம் போகாத பாப்பா. வெள்ளனே பள்ளிக்கூடத்து ஜீப்புல நானே கொண்டுபோய் விடுறேன்" என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். நான் பட்டுச் சேலை கட்டி, சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பனியில் ரோட்டோரம் நின்றேன். முதல் பஸ் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. லாரியிலிருந்து இஞ்சினை இறக்கும் மும்முரத்தில் அவர் என்னை மறந்தே போனார். எட்டு மணிக்குக் கை நிறையக் கிரீஸோடு ஓடிவந்து, "ஐயோ பாப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டார். அதற்குமேல் கிளம்பினாலும் போய்ச் சேர்வதற்குள் நேர்முகம் முடிந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன், வாயை மூடிக்கொள்வேன். அது கத்துவதைவிட மோசம் என்று மதினி சொல்லுவார்.

நாலாம் நாள் அண்ணன், ஒரு தட்டில் கொய்யாப்பழம் நறுக்கி உப்பும் மிளகாயும் தூவி என் முன்னால் வைத்தார். பக்கத்தில் புத்தகத்தையும் வைத்தார். அதுதான் அவர் மன்னிப்புக் கேட்கும் விதம். நான் பக்கத்தைப் புரட்டினேன். சக்கரத்துக்குள்ளிருக்கும் பிரேக்கின் படம், அதைச் சுற்றி இரண்டு பக்கத்துக்குப் பொடி எழுத்து. முதல் வரியிலேயே பிரேக் என்றிருந்தது. அந்தப் பனியில் நின்ற குளிர் எனக்கு இன்னும் விட்டிருக்கவில்லை, மேற்கொண்டு படிக்க மனசில்லை.

"இதுல என்ன போட்ருக்கான் பாப்பா?"

"ஒண்ணுமில்லண்ணே. பிரேக்கு நல்லா இருக்கணுமாம். சொன்னதையே சொல்லிட்டிருக்கான்."

"ரெண்டு பக்கத்துக்கும் அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

அடுத்த பக்கம் சீட்டுக்கு என்ன நிறத்தில் ரெக்சின் தைப்பது என்பது. அதை வரிவரியாக வாசித்தேன். அவர் கண்ணை மூடி "அப்புறம்?" என்றார்.

அந்த வண்டிக்கு இருந்தது கம்பி பிரேக். பெடலை மிதித்தால் நீளநீளமான இரும்புக் கம்பிகள் இழுத்துச் சக்கரத்தைப் பிடிக்க வேண்டும். இந்தக் காலத்து வண்டிகளில் கம்பிக்குப் பதில் குழாயில் ஓடும் எண்ணெய் அந்த வேலையைச் செய்கிறது. பஸ் ஸ்டாண்டு மெக்கானிக் ஒருவர் ஜீப்பிலிருந்து கழற்றிய எண்ணெய் பிரேக் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மலையில ஓட்டப் போறீங்க, இதப் போட்டுக்கங்கண்ணே" என்றார். அண்ணன் சிரித்தார். "அந்தக் காலத்து வண்டியில இந்தக் காலத்துப் பிரேக்கா? பொஸ்தகத்துல அப்பிடிச் சொல்லலையே. என்ன பாப்பா?" என்று என் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் என் கழுத்தைத் திருகிப் போடலாம் போலிருக்கிறது.

வண்டி முடிந்தது. கறுப்புப் பெயின்ட், உள்ளே சிவப்பு ரெக்சின். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். டிரைவர்கள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இப்படி உருவம் மாற்றிய வண்டியைப் பழனிக்குக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி எழுதி வாங்க வேண்டும் என்றார்கள். "நீதான் வரணும் பாப்பா. நீ வாசிக்காட்டி இது ஏது?" என்றார் அண்ணன். எனக்கு வீம்பு இன்னும் பாக்கி இருந்தது. "மதினி போகட்டும். கப்பல விட்டு எறங்கி இந்த மலைக்கு வந்தவங்க, கீழ எறங்கவே இல்லையே" என்றேன். மதினிக்கு வாயெல்லாம் பல். "வரும்போது ஒனக்குப் பஞ்சாமிர்தம் வாங்கியாரேன்" என்று சொல்லி, தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

எங்கள் மலை டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறக்கம் வந்ததும் கியரை நியூட்டரில் தள்ளிவிட்டு, வண்டியைச் சும்மா உருள விடுவார்கள். பெட்ரோல் மிச்சம். தப்பு என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் செய்வார்கள். அண்ணன் பழனி ரோட்டில் இருபது வருஷம் அப்படித்தான் பஸ்ஸை இறக்கினார். அன்றும் பழகிய இடத்தில், பழகிய கை நியூட்டரில் தள்ளியது. முன்னால் அத்தனை கனத்த இஞ்சின். அந்தக் கனத்தைப் பிடிக்கக் கம்பியை விட்டால் வேறு ஒன்றுமில்லை. நாலு வளைவு தாண்டுவதற்குள் பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்பு போயிற்று. ஓடுகிற ஓட்டத்தில் கியர் திரும்ப விழவில்லை. வலப்பக்கம் பாதாளம். பள்ளத்துக்கு விடாதே, மலையில் சாத்து என்பதுதான் அங்கே வண்டி பழகும் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது. அண்ணன் இடப்பக்கம் ஒடித்து மலையில் சாத்தினார். பாறை மதினி உட்கார்ந்திருந்த பக்கத்தில் இருந்தது.

எதிரே ஏறி வந்த பஸ்காரர்கள்தான் தூக்கினார்கள். மதினி அங்கேயே போய்விட்டார். அண்ணனுக்கு வலது கால் நொறுங்கியது. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் கேட்டபோது, "எந்தப்பு சார். நியூட்டர்ல விட்டேன். எம்பொண்டாட்டிய நாந்தான் கொன்னேன்" என்று சொன்னார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். வாயில் வந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து, லீவு முடிந்து வந்த சார் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். முதல் நாளே அண்ணன் அந்தப் புத்தகத்தை வீட்டிலிருந்து எடுத்து வரச் சொல்லியிருந்தார். இருவரும் அரைநாள் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை, "நீ போயி எதாச்சும் சாப்புட்டு வா" என்று அனுப்பிவிட்டார் அண்ணன். திரும்பி வந்தபோது சார் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் கண் சிவந்திருந்தது, என்னைப் பார்க்காமல் போனார். புத்தகம் தலையணைக்கு அடியில் இருந்தது. அதற்கப்புறம் அது என் கண்ணில் படவே இல்லை.

கால் ஊனமாகி, பள்ளி கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார் அண்ணன். நொறுங்கிய வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று. எனக்கு இரண்டு மூன்று வரன் வந்தது, வேண்டாமென்று விட்டேன். அண்ணனுக்காக எவ்வளவு பெரிய தியாகம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தியாகமுமில்லை, மண்ணுமில்லை. செய்த தப்புக்கு நானே எனக்குப் போட்டுக்கொண்ட தண்டனை அது.

ஒன்று மட்டும் அப்போதே எனக்கு உறுத்தியது. அதற்குப்பிறகு அண்ணன் என்னிடம் எதையும் வாசித்துக் காட்டச் சொன்னதே இல்லை. பென்ஷன் ஆபீஸ் கடிதமோ, ஆஸ்பத்திரிச் சீட்டோ, ஆங்கிலத்தில் எது வந்தாலும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி பங்குக் கோயில் உபதேசியார் வீட்டுக்கு நடப்பார். "நான் இல்லையாண்ணே? குடுங்க" என்றால், "ஒனக்கு எதுக்குத்தா செரமம்" என்பார். குரலில் கோபம் இருக்காது. மதினி போன துக்கத்தில் பழைய சாயங்காலங்கள் ஞாபகம் வந்து வலிக்கும்போல என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. நான் வைத்த சோற்றைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார். பண்டிகைக்கு எனக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார். கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினார்.

நேற்று தேத்தண்ணிக்குக் கெட்டில் வைத்திருந்தேன். மதினி போனபின் அந்தச் சொல் எனக்கு ஒட்டிக்கொண்டது. ஆவி வந்தது. என்ன தோன்றியதோ, புத்தகத்தை எடுத்துவந்து ஒட்டிய பக்கங்களை அந்த ஆவியில் காட்டினேன். ஓரம் மெல்லப் பிரிந்தது. ஈரத்தில் ஒட்டியது இல்லை. நாலு ஓரத்திலும் சோற்றுப் பருக்கை நசுக்கித் தடவியிருந்தது. உள்ளே அந்த பிரேக் படம். அதன் ஓரத்தில் பென்சிலில், அண்ணனின் கோணல் தமிழ்:

"மொதல்ல பிரேக் மாத்தனும். அந்தக் காலத்து ஆளுகளே கம்பியக் கழட்டிட்டு எண்ணை பிரேக் தான் போட்டாங்க. எறக்கத்துல கம்பிய நம்பக் கூடாது."

சார் சொல்லச் சொல்ல ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதியது. எழுதி முடித்து, நான் என்றைக்கும் பார்த்துவிடக் கூடாதென்று ஒட்டியும் வைத்திருக்கிறார். ஆக, என் அண்ணனுக்குத் தெரியும். இத்தனை வருஷமும், என் கையால் சாப்பிட்ட ஒவ்வொரு வேளையும் தெரியும்.

திட்டியிருக்கலாம். ஒரே ஒரு தடவை, ஏண்டி பாவி என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் காலில் விழுந்து அழுதிருப்பேன். அதற்கும் எனக்கு வழியில்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டார்.

அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தையும் முதல் வரியிலிருந்து, ஒன்றையும் விடாமல், ஒவ்வொரு வரியாகச் சத்தமாகத் தமிழில் சொன்னேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் கொஞ்சம் நிறுத்தினேன். "அப்புறம்?" என்று கேட்க ஆளில்லை.