மைக்கைப் பிடுங்கிய பாக்கியம் ஆயாம்மா

பாக்கியம் ஆயாம்மா இன்று காலை பதுளை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். இப்போதுதான் அண்ணன் போனில் கோல் எடுத்துச் சொன்னான்...

மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் ஆயாவாக இருந்தவர். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போனால் நாங்கள் எல்லாரும் அவர் பொறுப்பு. மூக்கைத் துடைத்துவிட்ட அதே கையால் முதுகிலும் ஒன்று வைப்பார்.

அழுகையைவிட எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. காரணம் இருக்கிறது.

எனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். தீபாவளி அட்வான்ஸ் கொடுத்த அன்று ஒரு விளையாட்டுச் சாமான் கம்பெனியின் வேன் வந்தது. பகலில் மடுவத்தில் இறங்கி எங்களுக்கெல்லாம் பலூன் கொடுத்தார்கள். "ஒங்க பேரு என்னா? எந்த லயம்?" என்று வேனில் வந்த அனவுன்சர் ஒவ்வொருவரிடமும் சிரித்துச் சிரித்துக் கேட்டார்.

சாயந்தரம் அதே வேன் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில். கூரையில் ஸ்பீக்கர்.

"அஞ்சாம் லயத்து சுகந்திப் பாப்பா! கண்ணு மூடித் தெறக்கிற பொம்ம ஒங்களுக்காக வந்திருக்கு! அப்பாவுக்கு ஒங்க மேல பாசம் இருக்கான்னு கேட்டுப் பாருங்க!"

நான் அப்பாவின் சாரத்தைப் பிடித்து இழுத்துக் கத்துகிறேன். அப்பா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே நின்றார். அந்த அட்வான்ஸ் துணிமணிக்கே பத்தாது என்று கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா?

பிள்ளையின் பெயரைச் சொல்லி அப்பனை ஊருக்கு முன்னால் அவமானப்படுத்துகிற வியாபாரம்... தூ!

விறுவிறுவென்று வந்தார் ஆயாம்மா. வேன் கதவைத் திறந்து மைக்கைப் பிடுங்கிவிட்டார்.

"பலூனக் குடுத்து பேர வாங்கிட்டுப் போனியா? என்னைய நம்பி வுட்டுட்டுப் போன புள்ளைங்கடா இதுங்க!"

"இது சும்மா வெளம்பரம்தாங்கம்மா..."

"அப்புடியா? ஒம் புள்ள பேரு என்னா? சொல்லு, நானும் மைக்ல கூப்புடுறேன்."

அந்த ஆள் ஸ்பீக்கரை நிறுத்தினார். வேன் திரும்பிப் போனது.

எனக்கோ பொம்மை போச்சே என்று ஆயாம்மா மேல்தான் கோபம். மறுநாள் மடுவத்தில் பால் குடிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "குடிக்காட்டி போடி" என்று அவரே மடக்மடக்கென்று குடித்துவிட்டார்!

இப்போது வேன் வருவதில்லை. என் மகள் போனில் ஒரு பொம்மைக் கம்பெனியின் கேம் விளையாடுகிறாள். ஒரு கரடிக்குட்டி கையை ஆட்டி, "ஹாய்! உன் பெயர் என்ன?" என்று தமிழிலேயே கேட்கிறது. பெயரைக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பிள்ளையை, "அம்மாவிடம் புதுக் கரடி கேட்டாயா?" என்று தினமும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதாம்.

வேன்காரனுக்காவது ஒரு முகம் இருந்தது. இங்கே நான் யாரிடம் போய் மைக்கைப் பிடுங்குவது?

அண்ணனின் கோல் வந்தபோது மகள் அந்தப் போனோடுதான் நின்றாள். "அம்மா, எம் பேர டைப் பண்ணிக் குடுங்க."

வாங்கினேன். பெயர் கேட்ட கட்டத்தில், "ஒம் புள்ள பேரு என்னா?" என்று அடித்தேன்.

கரடி கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறது.

ஆயாம்மா... நாளைக்கு வருகிறோம். நீங்கள் பார்க்காத என் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. உங்கள் காதில் சொல்கிறேன்.