மரக்காணத்தில் ஒரு இடது கைச் சவரம்

2006 மார்ச்சில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் மரக்காணம் போனது ஒரு ரேசரை வாங்கி வர. பிரஷ், சோப்பு, இரட்டை முனை பிளேடு என்று பழைய முறையில் சவரம் செய்கிற கிறுக்கர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. நானும் அதில் இருக்கிறேன். எங்களுக்கென்று தனி பாஷை. முகம் முழுக்க ஒருமுறை மழித்தால் ‘ஒரு பாஸ்’. ஊசிமுனை அளவு ரத்தம் துளிர்த்தால் ‘வீப்பர்’. குழந்தைக் கன்னம்போல வழுவழுத்தால் ‘பிபிஎஸ்’. அந்தக் குழுவில் மரக்காணத்து உப்பளக்காரர் சேகர், “கை போயிடுச்சு. என் ரேசரை யாராவது வந்து எடுத்துக்கோங்க” என்று எழுதியிருந்தார். அதுவரை அவரை நேரில் பார்த்ததில்லை.

திருவான்மியூரில் காலை ஆறு மணிக்குப் புதுச்சேரி பஸ். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், டிக்கெட் நாற்பது ரூபாய். எட்டரைக்கு இறங்கிவிட்டேன்.

சேகருக்கு நாற்பது வயதிருக்கும். பைக்கிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு நொறுங்கி, உள்ளே தகடு வைத்திருந்தார்கள். விரல்கள் பாதிதான் மடங்கின. தாடி கழுத்தை மறைக்கப் பார்த்தது.

“வாங்கண்ணா. மூணு மாசமா வீட்ட விட்டு எங்கயும் போவல. சலூனுக்குக் கூப்ட்டாலும் வர மாட்டேங்கறாரு” என்றார் அவர் மனைவி லதா.

சேகர் ரேசர் பெட்டியை நீட்டினார். எனக்கு வாங்க மனம் வரவில்லை.

“இடது கையில பண்ணிப் பாத்தீங்களா?”

“பயமா இருக்குது சார்.”

“ஒரே ஒரு பாஸ். பிபிஎஸ்லாம் வேணாம்.”

“அது இன்னாண்ணா, பஸ் பேரா?” என்று லதா கேட்க, சேகர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வெந்நீர் கேட்டேன்.

லதா கத்தரியால் தாடியைக் குறைத்தார். நான் நுரை அடித்துக் கொடுத்தேன். சேகர் ரேசரை இடது கையில் பிடித்துக் கன்னத்தில் வைத்து அழுத்தினார். “அழுத்தாதீங்க, ரேசர் கனமே போதும்” என்றேன். மோவாயில் சிவப்பாக ஒரு பொட்டு. “ஐயோ, ரத்தம்!” என்று லதா எழுந்துவிட்டார்.

“வீப்பர்தான்மா. பச்சத்தண்ணி வெச்சா நின்னுடும்” என்ற சேகர் கையை எடுக்காமல் தொடர்ந்தார்.

அரைமணிக்கு மேல் ஆனது. தாடைக்கடியில் திட்டுத்திட்டாக மயிர் நின்றது. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: “இன்னொரு பாஸ் போலாமா?”

“நாளைக்கு. இப்போ எரியும்.”

ரேசர் பெட்டியை லதா அலமாரியில் திருப்பி வைத்தார்.

“உப்பளம் பாக்காம போறீங்களா?” என்று சேகரே கிளம்பினார். அவர் பைக்கை நான் ஓட்ட, பின்னால் அவர். உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து, “யாரு, மொதலாளியா? கூலி வாங்க வீட்டுக்கு வந்தப்போ பாத்த தாடி எங்க? ஆளே மாறிட்டீங்க!” என்றார். சேகர் வண்டியிலிருந்து இறங்கி வரப்பில் வெகுதூரம் நடந்தார்.

போக விரும்புவோருக்கு: மார்ச் முதல் மே வரை நல்ல சமயம். காலை பத்துக்குள் பார்த்துவிடுங்கள், பிறகு உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணைத் திறக்க விடாது. குடிதண்ணீர் எடுத்துப் போங்கள். வரப்பில் கால் வைக்கும் முன் அங்கிருப்பவர்களைக் கேளுங்கள். எங்கள் குழு பாஷையைக் கேலி செய்கிறவர்கள் செய்யட்டும். முன்பின் பார்த்திராத இரண்டு பேர் பேச்சைத் தொடங்க அது போதுமானதாக இருந்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஸ்டாப்புக்கு வந்தோம். சென்னை பஸ் நிற்காமல் போகிற வேகத்தில் வந்தது. சேகர் சாலையில் இறங்கி இடது கையை உயர்த்தினார். பஸ் நின்றது.