மேல் மலையா, கீழ் மலையா

1. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா, கருப்பைக் கட்டியால் நிற்காத இரத்தப்போக்குடன் பதுளை ஆஸ்பத்திரியில் எங்கள் வார்டுக்கு வந்தார்.
2. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, கருப்பையை எடுத்துவிடலாம் என்று முடிவானது.
3. மயக்க மருந்து கொடுக்க வேண்டிய டொக்டர் நான். முடியாது என்றேன்.

அக்காவின் இதயத்தில் ஏதோ சத்தம் கேட்பதாக வார்டு டொக்டர்கள் ஏற்கனவே குறித்திருந்தார்கள். இரத்தச் சோகையால் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா என்று கேட்டதற்கு இல்லை என்றாராம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஏது மாடி? ஹல்துமுல்லைப் பக்கத்து லயத்தில் வளர்ந்த நான் வேறு விதமாகக் கேட்டேன்.

"இப்ப எந்த மலையில கொழுந்து எடுக்கிறீங்க, அக்கா?"

"கீழ் மலைதாங்க மிஸ்ஸி. மேல் மலைக்குப் போயி ரொம்ப நாளாச்சு. கங்காணிகிட்ட முழங்கால் வலின்னு சொல்லிட்டேன்."

"முழங்கால் வலிக்குதா?"

சிரித்தார். "மூச்சு முட்டுதுன்னு சொன்னா காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல நிக்க விடுவாங்களா?"

இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். அது சோகைச் சத்தம் இல்லை. இதய வால்வு ஒடுங்கியிருந்தால் அந்த முதுகு ஊசியில் இரத்த அழுத்தம் சட்டென்று விழும். இதயம் பதறி ஓடும். ஒடுங்கிய வழியில் இரத்தம் கடக்க அவகாசம் இருக்காது. மேசையிலேயே போய்விடலாம்.

மலை ஏறுகிற பொம்பளை, உன்னைவிடப் பலசாலி என்றார் சத்திரசிகிச்சை செய்யவிருந்த டொக்டர் சேர். இரத்தம் போய்க்கொண்டிருக்கிறதே, யார் பொறுப்பு என்றும் கேட்டார். நான்தான் என்றேன். இரத்தம் ஏற்றுவோம், ஆனால் இதயத்தை எகோ ஸ்கேனில் பார்க்காமல் ஊசியைத் தொடமாட்டேன் என்றேன்.

அக்காவின் கணவர் தாழ்வாரத்தில் என்னை மறித்தார். "நம்ம தோட்டத்துப் பிள்ளைன்னு நம்பி வந்தோம். நீங்களே தட்டிக் கழிக்கிறீங்களே."

"தட்டிக் கழிக்கலங்க. தூங்க வச்சா எழுப்பணும்ல."

எகோவில் வால்வு மிகவும் ஒடுங்கியிருந்தது. இதயத்தை நிதானப்படுத்த மாத்திரை கொடுத்தோம். பிறகு எங்கள் பிரிவின் பெரிய டொக்டரும் நானும் சேர்ந்து முழு மயக்கம் கொடுத்தோம். மணிக்கட்டு நாடியில் குழாய் வைத்து ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் பார்த்தபடி, சேலைனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் தயாராக இருந்தது. கருப்பையை எடுத்து முடித்தார்கள். கண் விழித்ததும் அக்கா தேத்தண்ணி கேட்டார்.

இரத்தப்போக்கு நின்றுவிட்டது. வால்வுச் சிகிச்சைக்குக் கொழும்பில் திகதி இன்னும் கிடைக்கவில்லை. அக்கா இன்னும் கீழ் மலையில்தான் கொழுந்து எடுக்கிறார். சத்திரசிகிச்சை சேர் என்னிடம் வேலைப் பேச்சு மட்டும்தான் பேசுகிறார். தோட்டத்திலிருந்து யார் வந்தாலும் நான் எந்த மலை என்றுதான் முதலில் கேட்கிறேன்.